வால்விலிருந்து சில்லுக்கு – 9: மைக் கேட்டதும் காது கேட்டதும்

மின் கிட்டாரின் ஒலி பாதி கிட்டாரிலும் மீதி அதனோடு இணைந்த ஆம்ப்ளிஃபையரிலும் பிறக்கிறது என்பதையும், 1962இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷலின் கடையைச் சேர்ந்தவர்கள் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனின் சுற்றைப் பார்த்துச் செய்த ஓர் ஆம்ப் எவ்வாறு ராக் இசையின் குரலையே மாற்றியது என்பதையும் முந்தைய பகுதிகள் விவரித்தன. வால்வுகளை அவற்றின் எல்லை கடந்து முடுக்கும்போது அலையின் முகடுகள் மழுங்கி, கிட்டாரில் இல்லாத புதிய மேற்சுரங்கள் எழுகின்றன. திரிபு எனப்படும் இந்தக் கோளாறே பின்னர் இசையாயிற்று. ஆனால் அதைப் பெறச் சுவர்கள் அதிரும் அளவுக்குச் சத்தம் தேவைப்பட்டது.

அந்தச் சத்தமின்றி ஒலியை மட்டும் பெறும் முயற்சிகளாக 1982இல் டாம் ஷோல்ஸின் ராக்மேனும், 1989இல் ஆண்ட்ரூ பார்ட்டாவின் சான்ஸ்ஆம்ப்பும் வந்தன. இரண்டும் அனலாக் சுற்றுகளே. 1995இல் வந்த ரோலண்ட் வி.ஜி.-8தான் ஆம்ப், ஸ்பீக்கர், மைக் ஆகிய மூன்றையும் எண்களாகக் கணக்கிட்டு ஒலியை உண்டாக்கும் வழியைக் காட்டியது. எனினும் அதற்கு ஆறு தந்திகளின் அதிர்வையும் தனித்தனியே வாங்கும் சிறப்புப் பிக்கப் ஒன்றைக் கிட்டாரில் பொருத்த வேண்டியிருந்தது.

யாரிடமும் உள்ள சாதாரணக் கிட்டாரை, சாதாரணக் கேபிளில் செருகி, அதே ஒலியைப் பெற முடியுமா என்ற கேள்வியோடு சென்ற பகுதி நின்றது.

* * *

தேவையை உண்டாக்கியவர்கள்

அந்தக் கேள்விக்கு விடை தந்த மார்கஸ் ரைல், மிஷெல் டோய்டிக் ஆகிய இருவரும் கிட்டார் உலகிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஓபர்ஹைம் நிறுவனத்தில் சிந்தசைசர்களை வடிவமைத்துப் பழகிய அவர்கள், ஃபாஸ்ட் ஃபார்வர்டு டிசைன்ஸ் என்ற பெயரில் தனியே தொழில் தொடங்கி, பிற நிறுவனங்களுக்கு இசைக்கருவிகளை வடிவமைத்துத் தந்துகொண்டிருந்தனர். அவர்கள் கைபட்ட கருவிகளுள் ஒன்று அலெஸிஸ் நிறுவனத்தின் ஏடாட். சூப்பர் வி.எச்.எஸ். வீடியோ கேசட்டின் நாடாவில் எட்டுத் தடங்களை டிஜிட்டலாகப் பதியும் அக்கருவி 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தபோது, பெரிய ஸ்டூடியோக்களின் தனியுரிமையாயிருந்த பல்தட ஒலிப்பதிவு வீட்டின் பின்னறைக்குள் வந்து உட்கார்ந்தது.

இங்கேதான் காரணமும் விளைவும் ஒரே கையிலிருந்து புறப்பட்டன. பின்னறை ஸ்டூடியோவில் கீபோர்டை நேரே செருகிப் பதியலாம். தாளத்துக்கு டிரம் மெஷின் இருந்தது. பாடகருக்கு ஒரு மைக் போதும். கிட்டார் மட்டுமே, முழுச் சத்தத்தில் முழங்கும் ஓர் ஆம்ப்பையும், அதன்முன் ஒரு மைக்கையும், புகார் சொல்லாத அண்டைவீட்டாரையும் கேட்டது. ஏடாட் பரவப் பரவ இந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே போயிற்று என்பதையும், அதை உண்டாக்குவதில் பங்கு வகித்தவர்களே அதை முதலில் கண்டுகொண்டார்கள் என்பதையும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

1996இல் இருவரும் லைன் 6 என்ற பெயரில் தம் முதல் கருவியான ஆக்சிஸ் 212ஐ வெளியிட்டனர். தோற்றத்தில் அது இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட வழக்கமான கிட்டார் ஆம்ப். உள்ளே, பல புகழ்பெற்ற ஆம்ப்களின் நடத்தையைக் கணக்கிடும் டிஜிட்டல் சில்லுகள். பல ஆம்ப்களின் வேலையை ஒன்றே செய்தாலும், சுமக்க வேண்டிய பெட்டி அப்படியே இருந்தது. திருப்பம் நேர்ந்தது 1998இல்.

* * *

அவ்வாண்டு லைன் 6இலிருந்து இரண்டு பொருள்கள் வந்தன. முதலாவதான ஆம்ப் ஃபார்ம், புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு அமைப்பின் டி.டி.எம். சில்லுப் பலகைகளில் ஓடும் ஒரு சேர்ப்பு மென்பொருள். இதில் கிட்டாரின் வெறும் சமிக்ஞை, அதாவது பிக்கப்பிலிருந்து வரும் பச்சை ஒலி, எந்த நிறமும் ஏறாமல் பதிவாகும். எந்த ஆம்ப், எவ்வளவு திரிபு, எந்த ஸ்பீக்கர் என்பதைப் பதிவு முடிந்து பாட்டைக் கலக்கும் நாளில் முடிவு செய்துகொள்ளலாம். அதுவரை கிட்டார் கலைஞர் வாசித்த அக்கணத்திலேயே முடிவாகிவிட்ட ஒன்று, இப்போது ஒலிப்பொறியாளரின் மேசைக்குக் கைமாறியது. இந்தக் கைமாற்றத்தின் பின்விளைவு, புதுக்கருவி ஒன்று வந்ததன் பின்விளைவைவிடப் பெரியது.

இரண்டாவது, பாட் என்ற சிறு கருவி. அவரை விதையின் வடிவம், செந்நிற உடல், மேற்பரப்பில் சில திருகுகள், அவற்றுள் ஒன்று ஆம்ப் வகையைத் தேர்ந்தெடுப்பதற்கு. ஒரு முனையில் கிட்டாரையும் மறுமுனையில் ஒலிப்பதிவுக் கருவியையும் செருகினால் போதும். ஸ்பீக்கரும் மைக்கும்கூட உள்ளேயே கணக்கீட்டில் அடங்கியிருந்தன. சில நூறு டாலர் விலைக்குக் கிடைத்த அக்கருவி பின்னறை ஸ்டூடியோக்களில் மட்டுமன்றித் தொழில்முறை ஒலிப்பதிவுகளிலும் விரைவில் இடம்பிடித்தது.

பிறகு முறையீடுகள் தொடங்கின.

* * *

திரைக்குப் பின் ஒலித்த பொய்ச்சுரம்

தனியே கேட்கையில் மயக்கிய ஒலி, டிரம்முடனும் பாஸுடனும் சேர்ந்தவுடன் மெலிந்து மறைகிறது. திரிபைக் கூட்டினால் தேனீக்கள் இரைவதுபோன்ற ஒரு கீச்சு மேலே மிதக்கிறது. விரல் மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. ஏறத்தாழ எட்டாண்டுகள் நீடித்த இந்த மனக்குறைகளுக்குக் கலைஞர்கள் கண்ட காரணம் ஒன்றே: வால்வை எண்களால் நகலெடுக்க முடியாது. அது பாதி உண்மைகூட அன்று என்பது பின்னர் தெரிந்தது.

கீச்சின் ஒரு வேர், டிஜிட்டல் கணக்கீட்டின் அடிப்படையிலேயே இருந்தது. ஒலியை எண்ணாக்கும் கருவி, நொடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்கிறது என்று கொண்டால், அதன் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையே அக்குறிப்புகளால் சரியாகச் சொல்ல முடியும். திரிபோ, முன்பு கண்டதுபோல, புதிய மேற்சுரங்களை அடுக்கிக்கொண்டே போகும் செயல். தந்தியின் ஒலியில் ஏற்கெனவே இருக்கும் 5,000 ஹெர்ட்ஸ் கூறு ஒன்றைத் திரிபுக்கு உட்படுத்தினால், அதன் ஏழாம் மடங்கான 35,000 ஹெர்ட்ஸும் தோன்றும். வால்வு ஆம்ப்பில் அது காதுக்கு எட்டாத உயரத்தில் மறைந்துபோகும். டிஜிட்டல் கணக்கிலோ எல்லையைத் தாண்டிய அக்கூறு மறைவதில்லை. 44,100இலிருந்து 35,000ஐக் கழித்தால் கிடைக்கும் 9,100 ஹெர்ட்ஸாகத் திரும்பி வந்து, வாசித்த சுரத்தோடு எந்த உறவும் இல்லாமல் ஒலிக்கும். திரைப்படத்தில் வண்டி முன்னே ஓடும்போது சக்கரத்தின் ஆரங்கள் பின்னே சுழல்வதாகத் தோன்றுவதும் இதே மயக்கம்தான்.

இதில் கொடுமையான பகுதி வேறு. கலைஞர் தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்தும்போது, அந்த 35,000 மேலும் உயர்கிறது. ஆகவே கழித்து வரும் பொய்ச்சுரம் கீழே இறங்குகிறது. ஒரு சுரம் ஏறுகையில் அதன் அடியில் மற்றொன்று எதிர்த்திசையில் வழுக்கிச் செல்வதைக் காது பெயர்சொல்லி அடையாளம் காணாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடும்.

இதற்கு மருந்து அப்போதே தெரிந்திருந்தது. திரிபைக் கணக்கிடும் பகுதியை மட்டும் எட்டு மடங்கு வேகத்தில், நொடிக்கு 3,52,800 அளவைகளாக ஓட்டி, தேவையற்ற உயர்கூறுகளை வடிகட்டியபின் பழைய வேகத்துக்கு இறக்கினால் பொய்ச்சுரங்கள் பெருமளவு அடங்கிவிடும். ஆனால் எட்டு மடங்கு வேகம் என்றால் ஏறத்தாழ எட்டு மடங்கு கணக்கு. சில நூறு டாலர் கருவிக்குள் அடங்கிய அக்காலச் சில்லுக்கு அது எளிதில் கட்டுப்படியாகக்கூடியதன்று.

* * *

இரண்டு விரற்கடை தூரம்

இன்னொரு காரணம் ஆம்ப்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருந்தது. கிட்டாருக்கெனச் செய்யப்படும் 12 அங்குல ஸ்பீக்கர், இசை கேட்கும் ஸ்பீக்கரைப் போல எல்லா அதிர்வெண்களையும் நேர்மையாக வெளியிடுவதில்லை. செலஸ்டியன் நிறுவனத்தின் பச்சை மூடி கொண்ட புகழ்பெற்ற கிரீன்பேக், ஏறத்தாழ 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரையே பேசும்; அதற்குமேல் அதன் ஒலி செங்குத்தாகச் சரிகிறது. வால்வின் திரிபு எழுப்பும் கரடுமுரடான உயர்கூறுகளையெல்லாம் அக்காகிதக் கூம்புதான் விழுங்கிவிடுகிறது. ஸ்பீக்கரை நீக்கிவிட்டு ஆகச்சிறந்த மார்ஷலின் ஒலியை நேரே கேட்டாலும், அதே தேனீ இரைச்சல்தான் கேட்கும்.

எனவே ஸ்பீக்கர், ஒலியை வெளியே கொண்டுவரும் வெறும் வாயில் அன்று. ஒலியின் நிறத்தை முடிவு செய்வதில் ஆம்ப்புக்கு நிகரான பங்கு அதற்கு உண்டு. பாட் தலைமுறைக் கருவிகளில் ஸ்பீக்கருக்கென ஒதுக்கப்பட்ட கணக்கு சில வடிகட்டிகளாலானது. கூம்பு நெளிவதால் உண்டாகும் நூற்றுக்கணக்கான சிறு மேடுபள்ளங்களை அவற்றால் வரைய முடியவில்லை. போதாக்குறைக்கு, உள்ளே ஸ்பீக்கர் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் கருவியை மேடையில் இன்னொரு கிட்டார் ஆம்ப்பின் முகப்பில் செருகி, ஒரு ஸ்பீக்கருக்குள் மற்றொரு ஸ்பீக்கரை ஒலிக்கவிட்டவர்களும் பலர். கலைஞர்கள் குற்றம் சாட்டியது கருவியை. குற்றவாளி பல நேரங்களில் அந்த ஒரு கேபிள்.

எனினும் அனைத்தையும்விட ஆழமான குழப்பம் கேட்கும் இடத்தைப் பற்றியது. ஒலிப்பதிவில் மைக், பெரும்பாலும் 1965 முதல் விற்பனையிலிருக்கும் ஷூர் எஸ்.எம்.57, ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. கூம்பின் நட்டநடுவை நோக்கினால் கூர்மையும் பளபளப்புமாகக் கேட்கும். சில சென்டிமீட்டர் விளிம்புப் பக்கம் நகர்த்தினால் அதே ஸ்பீக்கர் இருண்டு கனக்கும். கலைஞரின் காதோ, முழங்கால் உயரத்தில் இருக்கும் ஸ்பீக்கருக்கு மேலே, மூன்று மீட்டர் தள்ளி, தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒலியைக் கேட்கிறது. உயர்கூறுகள் ஸ்பீக்கரிலிருந்து குறுகிய கற்றையாக நேரே பாய்வதால், அவை அவருடைய கால்களைத்தான் சென்று சேர்கின்றன.

மாடலிங் எனப்படும் இந்தக் கணக்கீட்டுக் கருவிகள் நகலெடுத்தது மைக் கேட்டதை. வாங்கியவர்கள் எதிர்பார்த்தது காது கேட்டதை. ஒரு தலைமுறைக் கலைஞர்கள் டிஜிட்டலின் தோல்வி என்று எண்ணியதில் பெரும்பங்கு, தம் ஆம்ப்பின் ஒலிப்பதிவு எப்படிக் கேட்கும் என்பதை முதன்முறையாக ஒலிப்பொறியாளரின் நாற்காலியிலிருந்து கேட்க நேர்ந்ததன் அதிர்ச்சியே.

* * *

ஒரு சொடுக்கில் அடங்கிய பெட்டி

ஸ்பீக்கர்ச் சிக்கலுக்கான விடை கிட்டார் உலகுக்கு வெளியே, எதிரொலி ஆய்வில் வளர்ந்துகொண்டிருந்தது. ஓர் அறையில் ஒரே ஒரு சொடுக்கு ஒலியை எழுப்பி அது மங்கி மறையும் வரை பதிந்தால், அப்பதிவில் அந்த அறை ஒலியை எப்படி மாற்றும் என்பது முழுதும் அடங்கிவிடும். துடிப்பு மறுமொழி என்ற அப்பதிவைக் கொண்டு, வேறெந்த ஒலியையும் அதே அறையில் ஒலித்ததுபோல் கணக்கிட்டுவிடலாம். சுருளல் எனப்படும் இந்தக் கணக்கை நேரடியாகச் செய்வது பெருஞ்செலவு: நொடிக்கு 48,000 அளவைகள் வரும் ஒலிக்கு 1,024 எண்கள் கொண்ட மிகச் சிறிய மறுமொழியைப் பொருத்தவே நொடிக்கு ஏறத்தாழ 4.9 கோடிப் பெருக்கல்கள் வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வில்லியம் கார்ட்னர், நீண்ட மறுமொழிகளைச் சிறிதும் பெரிதுமான துண்டுகளாக வெட்டி, தாமதமே இல்லாமல் இக்கணக்கை முடிக்கும் முறையை 1995இல் வெளியிட்டார். சொடுக்குக்குப் பதிலாகத் தாழ்சுரத்திலிருந்து உச்சிவரை வழுக்கி ஏறும் ஒரே தொனியை ஒலிக்கவிட்டு, திரிபைத் தனியே பிரித்தெடுத்துத் தூய மறுமொழியைப் பெறும் வழியை இத்தாலியரான ஆஞ்செலோ ஃபரீனா 2000இல் காட்டினார். 1999இல் சோனியின் டி.ஆர்.இ.-எஸ்777 என்ற கருவியாகவும், 2001இல் ஆல்டிவெர்ப் என்ற மென்பொருளாகவும் இந்த நுட்பம் தேவாலயங்களையும் இசையரங்குகளையும் ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தது.

அரங்கை அடக்க முடிந்த கணக்கில் ஸ்பீக்கர் பெட்டியை அடக்குவது எளிது. அதன் ஒலி நொடியில் சில நூறில் ஒரு பங்குக்குள் ஓய்ந்துவிடுகிறது. மைக்கை ஓர் இடத்தில் நிறுத்தி ஒரு பதிவு, சற்று நகர்த்தி இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கோப்பும் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், ஓர் இடம். காகிதக் கூம்பு செய்து விற்ற செலஸ்டியனே 2017 முதல் தன் ஸ்பீக்கர்களின் இத்தகைய கோப்புகளையும் விற்கத் தொடங்கிய வேடிக்கையையும் காலம் கண்டது.

நல்ல ஒலி தேடுவோரின் பழக்கமும் இதனால் மாறியது. முன்பு ஆம்ப்பின் திருகுகளையே நாளெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தவர்கள், முதலில் ஸ்பீக்கர்க் கோப்பைத் தேர்ந்துவிட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000 அல்லது 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளதை வெட்டிவிட்டு, பிறகே திரிபைத் தொடக் கற்றனர். தொட்டபோதும், பழைய இசைத்தட்டுகளில் கேட்ட திரிபு தாம் எண்ணியதைவிட மிகக் குறைவு என்பதையும் அறிந்தனர்.

கணக்கீட்டால் தீர்க்க முடியாத ஒன்றும் எஞ்சியது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டியபடி, ஒலி தாழ்ந்திருக்கும்போது மனிதக் காதுக்கு அடிச்சுரங்களும் உச்சச்சுரங்களும் குறைவாகவே கேட்கின்றன. நள்ளிரவில் மெல்லிய சத்தத்தில் அமைத்த ஒலியில் கலைஞர் அவ்விரண்டையும் தம்மை அறியாமலே கூட்டிவிடுகிறார். மறுநாள் மேடையில் அதே அமைப்பு முழுச் சத்தத்தில் திறக்கும்போது, அடிப்பகுதி பாஸின்மேல் ஏறி உருமுகிறது, மேற்பகுதி காதைக் கிழிக்கிறது, பாடலில் கிட்டார் நிற்கவேண்டிய நடுப்பகுதி காலியாகிவிடுகிறது. மேடைக்கான ஒலியை மேடையின் சத்தத்திலேயே அமைக்கவேண்டும் என்ற எளிய விதியை மீறியவர்களுக்கு, எந்த விலையுள்ள கருவியும் உதவியதில்லை.

* * *

திறந்த சுற்று, மூடிய பெட்டி

2006இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து கிளிஃப் சேஸ் என்ற பொறியாளரின் ஃப்ராக்டல் ஆடியோ நிறுவனம் வெளியிட்ட ஆக்ஸ்-எஃப்எக்ஸ், இதுவரை சொன்ன நூல்களையெல்லாம் ஒன்றாக முறுக்கியது. விலை மலிவாக இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டு, ஆற்றல் மிக்க சில்லைப் பொருத்தி, ஸ்பீக்கருக்குத் துடிப்பு மறுமொழிகளைப் பயன்படுத்தியது. பின்வந்த பதிப்புகளில் மின்வழங்கி திணறி மின்னழுத்தம் தொய்வதும், ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறி வால்வுகளையே பாதிப்பதும்கூட மேலும் மேலும் நுணுக்கமாகக் கணக்கில் ஏறின. விரலின் அழுத்தத்துக்கு ஒலி பதில் சொல்லத் தொடங்கியது இத்தகைய நுணுக்கங்களால்தான்.

ஆனால் இந்த வழியில் ஓர் ஆம்ப்பை நகலெடுக்க, அதன் சுற்றைப் படித்து, ஒவ்வொரு பாகத்தின் பணியையும் சமன்பாடாக்கி, காதால் ஒப்பிட்டுச் செப்பனிடும் நீண்ட உழைப்பு தேவை; அவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது அந்த வகை ஆம்ப் ஒன்றின் பொது உருவம். பழைய ஆம்ப்களின் பாகங்கள் தம்மீது அச்சிட்ட அளவிலிருந்து 10 முதல் 20 விழுக்காடு வரை விலகியிருப்பது சாதாரணம். அரை நூற்றாண்டு வெப்பத்தில் அவை மேலும் விலகியிருக்கும். ஒரே ஆண்டில் ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு மார்ஷல்கள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. கலைஞர்கள் விரும்பியது வகையை அன்று, தம் அறை மூலையில் நின்ற அந்த ஒன்றை.

ஜெர்மனியின் ரெக்லிங்ஹவுசனில், வைரஸ் என்ற சிந்தசைசரால் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த கிறிஸ்டோஃப் கெம்ப்பர் இந்தச் சிக்கலை மறுமுனையிலிருந்து அணுகினார். அவர் உருவாக்கி 2011இல் அறிவித்த கருவி எந்தச் சுற்று வரைபடத்தையும் கேட்கவில்லை. ஆம்ப்பின் முன் ஒரு மைக்கை நிறுத்தச் சொன்னது. பின்னர், விசித்திரமான கீச்சொலிகளையும் இரைச்சல்களையும் அந்த ஆம்ப்புக்குள் வரிசையாக அனுப்பத் தொடங்கியது. மூடியைத் திறக்காமல், உள்ளே என்ன வால்வு இருக்கிறது என்றுகூட அறியாமல், சில நிமிடங்களில் ஓர் ஆம்ப்பின் குணத்தை அந்த ஒலிகள் எப்படிக் கறந்துகொண்டு வந்தன?

(தொடரும்)